கையில் பிடித்து எடுக்க ஒரு கேமரா

தர்ஷிம்மா,

போன வாரம் நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். வளைகாப்புக்கும், பிறகு குழந்தைக்கும் வீட்டிலேயே வீடியோவும் போட்டோவும் எடுக்க ஒரு கேமரா வேண்டும், அதிக விலை வேண்டாம், ஸ்டாண்டெல்லாம் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, கையில் பிடித்து எடுக்கிற மாதிரி இருந்தால் போதும் என்றாய். "என் நலங்குக்கு நீங்க வாங்குனதே நல்லாத்தானே இருக்கு, நீங்க எடுத்த பார்ட் அவ்ளோ ஸ்டெடியா இருந்துச்சு, அதையே வாங்கட்டாப்பா?" என்று கேட்டாய். அதோடு சிரித்துக்கொண்டே, "ஆனா பாப்பா பொறந்ததும் கேமராவ அம்மா கையில மட்டும் குடுத்துடாதீங்க லா" என்றாய். போன் மேசைமேல் ஸ்பீக்கரில் கிடந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். யோசித்து எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன்.

யோசிக்க ஒன்றுமில்லை. அந்தக் கேமராவை வாங்காதே. அந்த வீடியோவில் ஆடாமல் அசையாமல் இருந்தது ஒரே ஒரு பகுதிதான், அதை எடுத்தது நான் இல்லை. உன் அம்மா. தலைசுற்றுகிற மாதிரி ஆடிய மீதியெல்லாம் என் கை. உன்னிடமும் மாப்பிள்ளையிடமும் நான் மாற்றிச் சொன்னேன். இதை நேரில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ கிள்ளானுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தால் மறுபடியும் வேறு ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன் என்று எனக்கே என்னைப் பற்றித் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் கை எப்போதிலிருந்து நடுங்குகிறது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு அனுப்புகிற ஃபார்வர்டிங் ஆபீசில் வேலையை விடுவதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஒருமுறை பேங்கில் என் கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கவுண்டர் உயரமாக இருந்தது, நின்றுகொண்டே போட்டேன் என்று உங்களிடம் சொன்னேன். அதன் பிறகு கோப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கப் பழகினேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பிடப் போகும்போதெல்லாம் நான் சூடான தே தாரிக் டீ கேட்பதை விட்டுவிட்டு ஐஸ் போட்டுக் குழல் வைத்துக் குடிக்க ஆரம்பித்ததை நீ கவனித்திருக்கிறாய். "வயசாக வயசாக அப்பாவுக்குச் சின்னப் புள்ள டேஸ்ட் வருது" என்று கிண்டல் செய்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு வசதியாக இருந்தது.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாய். நம் ஆட்கள் நடுவே ஒருவனுக்குக் கை நடுங்கினால் ஒரே அர்த்தம்தான். உன் தாத்தாவை நீ பார்த்ததில்லை. கேரி தீவு எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவர். மாலையானால் குடிப்பார். என் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட அவர் பள்ளிக்கு வந்த ஒரு நாள், பேனா காகிதத்தில் தடதடவென்று அடித்துக்கொண்டதை வகுப்பு முழுவதும் பார்த்தது. குடிகாரக் கை என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். அதற்குப் பிறகு அவரைப் பள்ளிக்கு வர நான் விடவில்லை, கையெழுத்தை நானே போட்டேன். வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்துவிட்டு, அதே கை எனக்கு வந்ததை நான் எப்படி வெளியே காட்டுவேன்? அதிலும் நம் சொந்தத்தில் கேமரா என்றால் நான்தான். ஃபிலிம் போட்ட காலத்திலிருந்து, டேப் போட்ட காலத்திலிருந்து, யார் வீட்டுக் காதுகுத்து என்றாலும், சுங்கை வேயில் உன் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம் என்றாலும், "மாமா வந்துட்டாரா, அப்பதான் ஆரம்பிக்கலாம்" என்பார்கள். அந்த ஒரு மரியாதையை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

உன் கல்யாணம் முடிவானபோது, கோவிலில் நடக்கிற கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க ஆள் வைத்தோம். முதல் நாள் வீட்டில் நடக்கிற நலங்குக்கும் அவர்களையே வைத்துவிடலாம் என்று நீ சொன்னாய். நான்தான் கேட்கவில்லை. என் மகளின் நலங்கை நானே எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அதற்காகப் புதுக் கேமரா வாங்க அம்மாவை அழைத்துக்கொண்டு கொமுட்டர் ரயில் ஏறி கோலாலம்பூர் போனேன். கடையில் இருந்த சீனர் முதலில் கேட்டதே, ஸ்டாண்டில் வைத்து எடுப்பதா கையில் பிடித்து எடுப்பதா என்றுதான். கையில் என்றேன். அப்படியென்றால் இது என்று ஒரு சின்ன கேமராவை எடுத்து வைத்தார். கை அசைந்தாலும் படம் அசையாமல் தாங்கிக்கொள்கிற அமைப்பு அதற்குள்ளேயே இருக்கிறது, விலையும் குறைவு, எடையும் குறைவு என்றார். அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது போதுமேங்க, பிடிக்கவும் சுளுவா இருக்கு" என்றாள். எனக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரிந்தது. நாலு பேர் நடுவில் அதைத் தூக்கிக்கொண்டு நின்றால் யார் மதிப்பார்கள்? அதோடு, கை அசைந்தாலும் தாங்கும் என்று அவர் சொன்னபோது என் கையைப் பார்த்துத்தான் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னார். நான் கண்ணாடி அலமாரியில் மேல்தட்டில் இருந்த பெரிய உடம்பும் நீண்ட லென்ஸும் கொண்ட ஒன்றைக் காட்டினேன். அந்த லென்ஸில் அசைவைத் தாங்கும் வசதி இல்லை, ஸ்டாண்டில் வைத்தால்தான் நன்றாக வரும் என்று அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதிலிருந்து உனக்கான முதல் புத்திமதி. கேமராவை அதன் தோற்றத்துக்காக வாங்காதே. கடையில் அதைக் கையில் எடுத்து முகத்துக்கு நேரே, கை வலிக்கும்வரை பிடித்துக்கொண்டு நில். வலிக்கிற கை ஆடும், என் வயதில் மட்டுமில்லை, உன் வயதிலும். பிறகு கடைக்குள்ளேயே நாலடி நடந்துகொண்டு வீடியோ எடுத்து, அதைப் பெரிய திரையில் போட்டுக் காட்டச் சொல். சின்னத் திரையில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். அசைவைத் தாங்கும் வசதி இருக்கிறது என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. சிலதில் படத்தின் ஓரங்களை வெட்டிவிட்டுத்தான் ஆட்டத்தைக் குறைக்கிறார்கள், அப்போது சின்ன அறையில் பாதிப் பேர் படத்துக்கு வெளியே போய்விடுவார்கள். லென்ஸோ உள்ளிருந்து படத்தைப் பிடிக்கும் சென்சாரோ தானே அசைந்து ஈடுகட்டுகிற மாதிரி இருந்தால் நல்லது. அப்படித்தானா என்று கேட்டுத் தெரிந்துகொள். கேட்பதில் வெட்கமில்லை. கேட்காமல் வந்தவன் சொல்கிறேன்.

நலங்கன்று சாயங்காலம் உனக்கு நினைவிருக்கும். வாசலில் கூடாரம் போட்டு, கார் நிறுத்தும் இடத்தில் உன்னை மணையில் உட்கார வைத்திருந்தோம். நான் அந்தப் பெரிய கேமராவோடு எதிரே நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்து வழிவிட்டார்கள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது, அதுதான் என்னைக் கெடுத்தது. மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இந்தக் கை இரண்டு மடங்கு ஆடும். திரையில் உன் முகம் மேலும் கீழும் குதித்தது. வேண்டுமென்றே அப்படி இப்படி நகர்ந்துகொண்டே எடுத்தேன். நகர்ந்தால் நகர்வதால்தான் ஆடுகிறது என்று நினைப்பார்கள் அல்லவா? யாரும் எதுவும் நினைக்கவில்லை. எல்லோரும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பெரியவர்கள் பூசி முடித்ததும், "பொண்ணோட அப்பா வாங்க, சந்தனம் பூசுங்க" என்று அத்தை கூப்பிட்டாள். பதிவைப் புதிதாகத் தொடங்கிக் கேமராவை அம்மா கையில் கொடுத்து, எதையும் தொடாதே, சிவப்பு விளக்கு எரிகிறது, சும்மா பிடித்துக்கொண்டிரு என்று சொல்லிவிட்டு வந்தேன். அம்மா வாழ்க்கையில் கேமரா பிடித்தவள் இல்லை. அவள் கூடாரக் கம்பியில் சாய்ந்துகொண்டு, இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். விரல் உன் கன்னத்துக்குப் போகாமல் மூக்கிலும் காதோரத்திலும் பட்டது. நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டாய், "அப்பா, அழுறீங்களா?" என்று. நான் தலையாட்டினேன். சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது. மகளைப் பிரியப்போகிற அப்பாவின் கை நடுங்குகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். தர்ஷி, அந்த நேரத்தில் நான் உன்னைப் பற்றி நினைக்கவே இல்லை. கிண்ணம் கீழே விழுந்துவிடக் கூடாதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் என்னைப் பாசக்கார அப்பா என்று நினைத்ததை அப்படியே எடுத்துக்கொண்டேன். பூசி முடித்ததும் போய்ப் பதிவை நிறுத்தி, மறுபடி தொடங்கிக் கொடுத்தேன், அதன் பிறகும் அம்மா கொஞ்ச நேரம் எடுத்தாள். நீ ஆரத்தித் தட்டைப் பார்த்துச் சிரித்தது, அத்தைகள் உன் தலையில் பூ வைத்தது, அதெல்லாம் அவள் எடுத்தது. பிறகு நான் கேமராவை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் கல்யாணத்தன்று காலை, வீடே புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, நான் அறைக்குள் போய்க் கேமராவிலேயே எடுத்ததைப் போட்டுப் பார்த்தேன். என்னுடையதெல்லாம் பார்க்கச் சகிக்கவில்லை. அம்மா எடுத்தது மட்டும் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவில் என் கை தெரிந்தது. கிண்ணம் உதறியது, விரல் இடம் தெரியாமல் அலைந்தது. இதை நீங்கள் எல்லோரும் பெரிய டிவியில் போட்டுப் பார்க்கப்போகிறீர்கள், மாப்பிள்ளை வீட்டாரும் பார்ப்பார்கள், யாராவது ஒருவர் குடிகாரக் கை என்று சொல்லப்போகிறார் என்று தோன்றியது. நான் சந்தனம் பூசுகிற அந்தத் துண்டை மட்டும் அழித்தேன். ஒரு பட்டன்தான். நிச்சயமா என்று கேட்டது, ஆமாம் என்று அழுத்தினேன். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, உன்னைத் தாரை வார்த்துக் கொடுக்க வந்தேன்.

மறுவீட்டு விருந்துக்கு நீங்கள் இருவரும் வந்தீர்கள். சாப்பிட்டுவிட்டு நலங்கு வீடியோவைப் போடச் சொன்னாய். ஆட்டம் தொடங்கியதும் மாப்பிள்ளை பாவம் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். நீ சிரித்தாய். "ஐயோ, இது யார் எடுத்தது, பூமி ஆடுற மாதிரி இருக்கு" என்றாய். அப்போது என் வாயிலிருந்து அது வந்தது. நான் திட்டமிடவில்லை, ஆனால் தடுமாறவும் இல்லை. "உங்கம்மாதான். கையில குடுத்தது என் தப்பு" என்றேன். அடுத்து அம்மா எடுத்த பகுதி வந்தது. "இது நான் எடுத்தது" என்றேன். மாப்பிள்ளை தலையை ஆட்டி, மாமா புரொஃபஷனல் மாதிரி எடுக்கிறார் என்று சொன்னார். நீ விடவில்லை. "நீங்க சந்தனம் பூசுனது எங்கப்பா?" என்றாய். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. "அம்மா பட்டனை அமுக்கி நிறுத்திட்டா போல, பதிவாகல." நீ அம்மா பக்கம் திரும்பி, "ஏம்மா, அது ஒண்ணுதாம்மா எனக்கு வேணும்" என்றாய். அம்மா பாயசக் கிண்ணங்களோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். பதிவானது அவளுக்குத் தெரியும். சிவப்பு விளக்கை அவள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு இந்த மெஷின்லாம் எங்க தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாப்பிள்ளைக்குப் பாயசம் கொடுத்தாள்.

நீங்கள் போன பிறகு அவள் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டால் சண்டை போடலாம், சத்தம் போட்டு என் பக்கத்தைச் சொல்லலாம். அவள் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அதன் பிறகு எந்த விசேஷத்துக்கும் எடுத்துப் போகவில்லை. முட்டி வலி, நிற்க முடியவில்லை என்று சொந்தக்காரர்களிடம் சொன்னேன். இப்படி மாதங்கள் போயின. அந்தப் பொய் பழையதாகி அடங்கிவிட்டது என்றே நினைத்தேன். போன வாரம் நீ சிரித்துக்கொண்டு சொன்னதற்கு அம்மாவும் சிரித்தபோதுதான், அது அடங்கவில்லை, அவள் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று உறைத்தது. இனிப் பேரனோ பேத்தியோ வந்தாலும், "பாட்டி கையில கேமரா குடுக்காதீங்க" என்று அவளைக் கேலி செய்வார்கள், அவளும் சிரிப்பாள்.

போனை வைத்த பிறகு அவள் கீரையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். நான் பின்னாலேயே போய் நின்றேன்.

"நீ ஏன் அன்னைக்கே சொல்லல?" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "என்னத்த சொல்ல?"

"அது நான் எடுக்கலன்னு."

"உங்க கை ஆடுறது எனக்குத் தெரியாதா? கோப்பிய பாதிதானே ஊத்திக் குடுக்கிறேன், எத்தன வருஷமா?" என்றாள். கீரையை அலசிக்கொண்டே சொன்னாள். "மாப்பிள்ள முன்னாடி உங்கள விட்டுக்குடுக்கச் சொல்றீங்களா?"

எனக்குக் கோப்பை பாதியாக வருவதே அதுவரை தெரியாது. கோப்பி சிந்தாமல் குடிக்கிறேன், இன்னும் அவ்வளவு மோசமில்லை என்று நானே என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தேன். அவள் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். இத்தனை மாதத்தில் அப்போதுதான் அவள் கோபத்தைப் பார்த்தேன்.

"பொய் சொன்னதுகூட போகட்டும். சந்தனம் பூசுனத ஏங்க அழிச்சீங்க? உங்க கையவா நான் எடுத்தேன்? உங்க மூஞ்சியத்தானே எடுத்தேன். அவ மூஞ்சிய நீங்க பாத்தத. கல்யாணமாகி இத்தன வருஷத்துல உங்க போட்டோ ஒண்ணுகூட நல்லதா கிடையாது, எப்ப பாத்தாலும் நீங்கதான் கேமராவுக்குப் பின்னாடி. அது ஒண்ணுதான் என்கிட்ட இருந்துச்சு."

நான் அந்தத் துண்டைப் பார்த்தபோது கையைத் தவிர எதையும் பார்க்கவில்லை தர்ஷி. அதில் என் முகம் இருந்ததா, உன் முகம் எப்படி இருந்தது, எதுவும் எனக்கு நினைவில்லை. பார்க்கவே இல்லாத ஒன்றை அழித்திருக்கிறேன். அடுக்களையில் நின்றபடியே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள், "சரி, போய் உக்காருங்க" என்றாள். மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

மறுநாள் கேமராவின் மெமரி கார்டை எடுத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். அழிந்ததை மீட்டுத் தருகிற ஒரு தம்பி அங்கே மாடியில் கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் கார்டைப் போட்டுப் பார்த்தார். அழித்த கையோடு நிறுத்தியிருந்தால் எடுத்திருக்கலாம், அதற்குமேல் நிறைய வீடியோ பதிந்திருக்கிறதே அங்கிள் என்றார். கல்யாணத்தன்று கோவிலில் நானே அதே கார்டில் எடுத்தேன், யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்று. அந்த ஆட்டமெல்லாம் அதன்மேல் பதிந்துவிட்டது. வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். அவர் பணம்கூட வாங்கவில்லை. படியிறங்கி வந்து, எதிரே பூக்கடை ஓரத்தில் நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் உனக்குப் பிடித்த முறுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, பங்சார் பக்கம் போகிற ரயிலில் தவறாக ஏறி, இறங்கித் திரும்பி வந்தேன். அது போனது போனதுதான். அதை உனக்குத் திருப்பித் தர என்னிடம் எதுவும் இல்லை.

அம்மா என்னைக் கிளினிக்குக் கூட்டிப்போனாள். நான் பயந்த பெரிய நோய் எதுவும் இல்லை. வெறும் நடுக்கம்தான், மாத்திரையில் குறையும், முழுக்கப் போகாது என்றார் டாக்டர். உங்கள் அப்பாவுக்கு இருந்ததா என்று கேட்டார். அவர் குடித்ததால் வந்தது என்றேன். அதற்கு அந்தப் பெண் டாக்டர் சொன்னது என்னை இன்னும் தூங்கவிடவில்லை. இது பரம்பரையாக வரக்கூடியதாம். குடித்தால் கொஞ்ச நேரம் கை அடங்கும், அதற்காகவே குடிக்கப் பழகுகிறவர்களும் உண்டாம். உன் தாத்தா விஷயத்தில் எது முதலில் வந்தது என்று இனி நான் யாரைப் போய்க் கேட்பது? அன்று பள்ளிக்கு வந்தபோது அவர் குடித்திருந்தாரா என்றுகூட எனக்கு இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. உனக்கும் உன் குழந்தைக்கும் இது வரலாம், வராமலும் போகலாம். வந்தால் மறைக்காதே. வைத்தியம் பார். மறைப்பதற்குத்தான் நான் செலவழித்ததெல்லாம், நோய்க்கு ஒன்றுமே செய்யவில்லை.

சரி, உன் கேமராவுக்கு வருகிறேன். அம்மா அன்று கடையில் சொன்ன அதே மாதிரி சின்னதாக, லென்ஸ் கூடவே சேர்ந்து வருவதாக ஒன்றைப் பார். வீட்டு விளக்கு வெளிச்சம் போதாது, அதனால் வெளிச்சத்தை நிறைய உள்ளே விடுகிற லென்ஸாக இருக்க வேண்டும். குழந்தை ஓரிடத்தில் இருக்காது, முகத்தைத் தானே தேடிப் பிடித்துத் தெளிவாக வைத்துக்கொள்ளும் வசதி முக்கியம். திரை முன்பக்கம் திரும்புகிறதா பார், எடுக்கிறவளும் பிள்ளையோடு படத்தில் இருக்க வேண்டும். மின்விசிறிக்கு நேரே நின்று பேசிப் பார்த்து ஒலி எப்படி வருகிறது என்று கேள், குழந்தையின் குரல்தான் பின்னால் உனக்குப் படத்தைவிடப் பெரிதாகத் தெரியும். ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியது மலிவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை, ஆனால் லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து வாங்கு. நம் ஊர் ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும், வெள்ளை நூல் நூலாகத் தெரியும். வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு வை. இதெல்லாம் கூட வேண்டாம், இருக்கிற போனே போதும் என்று தோன்றினால் அதுவும் தப்பில்லை. ஆனால் போனில் எடுக்கும்போது பாதியில் யாராவது கூப்பிடுவார்கள், இடம் நிறைந்துவிட்டது என்று சொல்லும், நீயும் அவசரத்தில் எதையாவது அழிப்பாய். எதையும் அழிக்காதே. நன்றாக வராததையும் வைத்துக்கொள். உன் முகம் நன்றாக இல்லை, உடம்பு பெருத்துத் தெரிகிறது என்று அழிக்கத் தோன்றும். அதில் வேறு யாரோ வேறு எதையோ பார்த்து எடுத்திருப்பார்கள்.

இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கோப்பி விஷயத்தை எடுத்துவிடுங்கள், மாப்பிள்ளையும் படிப்பார் என்றாள். நான் எடுக்கவில்லை. அவரும் படிக்கட்டும். அவரிடமும்தான் பொய் சொன்னேன்.

உனக்கு என்மேல் கோபம் வரும். வர வேண்டும். உன் நலங்கில் உனக்கு வேண்டியிருந்த அந்த ஒன்றை அழித்தவன் நான், பழியை உன் அம்மாமேல் போட்டவனும் நான். எத்தனை நாள் பேசாமல் இருக்கிறாயோ இரு, வாயும் வயிறுமாக இருக்கிறவள், சாப்பாட்டை மட்டும் விட்டுவிடாதே. ஆனால் இதைப் படித்து முடித்ததும் அம்மாவுக்கு ஒரு போன் செய். அவளிடம் இதைப் பற்றியெல்லாம் பேசினால் அவள் பேச்சை மாற்றுவாள், அதனால் அது வேண்டாம். நீ புதிதாக வாங்கப்போகிற கேமராவை வளைகாப்பன்று அவள் பிடித்துக்கொள்வாளா என்று மட்டும் கேள்.

அப்பா